கமி கேட்கச் சொன்ன கேள்வி

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், ஆஸ்திரேலியா,
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தி,

எட்டு மாதமாகிவிட்டது. உன் இரண்டு மெயிலுக்கும் பதில் போடவில்லை, தீபாவளிக்குக்கூட வெறும் விளக்குப் படம்தான் அனுப்பினேன். திட்டுவதைப் போனில் திட்டிக்கொள், இப்போது இதைப் படி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக ரேவதி சொன்னாள், நிம்மதி. அப்புறம், செல்வம் அண்ணன் ஊராட்சியில் நியமன உறுப்பினருக்கு மனுப் போட்டிருக்கிறாராமே! மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சியில் உறுப்பினராக நியமிக்கும் அந்தச் சட்டம் 2025 ஏப்ரலில் பேரவையில் நிறைவேறிய அன்றே அவரைத்தான் நினைத்தேன். முதல் கூட்டத்திலேயே அந்த ரேஷன் கடைப் படிக்கட்டுக்கு ஒரு வழி பண்ணாமல் எழுந்திருக்க மாட்டார்.

நான் எழுத உட்கார்ந்த காரணமும் ஏறக்குறைய அதுதான்.

இங்கே எனக்கு ஒரு கமி இருக்கிறார். கமி என்றால் இங்குள்ள பூர்வகுடி மொழியான பிட்ஜன்ஜாராவில் பாட்டி. சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது. ஊர் இங்கிருந்து ஆறு மணி நேர மண் ரோடு. அவருக்குக் கொடுத்திருப்பது ஆஸ்பத்திரித் தரையில் ஓடுவதற்குச் செய்த வீல்சேர். முன்னாலுள்ள சின்னச் சக்கரம் செம்மணலில் இறங்கியதும் அப்படியே புதைந்துவிடும். பேத்தி தள்ளிப் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கமாகவே கடை வரைக்கும் இழுத்துக்கொண்டு போவாள். பதிமூன்று வயதுப் பெண்.

போன வருஷம் ஒரு அலுவலகத்திலிருந்து போனிலேயே மதிப்பீடு செய்தார்கள். எந்த அலுவலகம் என்று கேட்காதே. "குளிக்க, உடுத்த, வெளியே போக உங்களுக்கு உதவி தேவைப்படுகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேள்வி, மொழிபெயர்ப்பாளர் கிடையாது. "வேண்டாம், எனக்கு மகள்கள் இருக்கிறார்கள்" என்றார் கமி, அவ்வளவு பெருமையாக. உன் ஆச்சியிடம் கேட்டிருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பார்? "எனக்கென்ன குறை, மருமக இருக்கா" என்றுதானே? எதிர்முனையில் இருந்தவர் 'தேவையில்லை' என்று குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் உதவி நேரம் பாதியாகக் குறைந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் வசந்தி. குறுக்கே பேசாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

பொதுவாக 'ஊனம்' என்று சொல்ல இங்குள்ள பல பூர்வகுடி மொழிகளில் ஒரு சொல்லே கிடையாது. இருபது பக்கப் படிவமோ அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு உதவி தரும் என்டிஐஎஸ் திட்டம் 2013-இல் சட்டமானபோது நாம் இருவரும் எவ்வளவு பாராட்டிப் பேசினோம்! இன்றும் அது நல்ல திட்டம் என்றுதான் சொல்வேன். ஆனால் கேள்வியை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2021-இல் வெளியாட்களை வைத்து எல்லோரையும் மதிப்பிடும் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவரப் பார்த்தார்கள். மாற்றுத்திறனாளி அமைப்புகள் ஒன்றாக நின்று எதிர்த்தன, ஜூலையில் கைவிட்டார்கள். 2024-இல் திருத்தச் சட்டம் வந்தது, அதில் புதிய தேவை மதிப்பீடு வருகிறது. எனக்குத் தூக்கம் வராததற்கு அதுதான் காரணம்.

மாற்றுத்திறனாளிகள் படும் பாட்டை விசாரிக்கவென்றே அரசு அமைத்த ராயல் கமிஷன் 2023 செப்டம்பரில் 222 பரிந்துரைகள் கொடுத்தது. அறிக்கையில் பூர்வகுடியினருக்கென்றே ஒரு தனிப் பாகம். என்டிஐஎஸ் நிர்வாகக் குழுவில் எப்போதும் ஒரு பூர்வகுடியினராவது இருக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதச் சொன்னது. மத்திய அரசின் பங்கில் வந்தவை 172. பத்து மாதம் கழித்து வந்த பதிலில் முழுதாக ஏற்றுக்கொண்டது 13, 'கொள்கையளவில்' ஏற்றது 117. கொள்கையளவில் என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கலெக்டர் ஆபீஸ் வாசலில் நீ காத்துக் கிடந்தவள்.

சரி, புலம்பல் போதும். இந்தப் பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன், நீ வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன். கின்டோர் என்று மேற்கே சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊர். சிறுநீரகம் போனவர்கள் டயாலிசிஸுக்காக ஊரைவிட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வந்து கிடக்கவேண்டும், வாரம் மூன்று முறை, சாகும்வரை. பேரப்பிள்ளை இல்லை, சடங்கு இல்லை, சொந்த மண் இல்லை. மிஷினை எங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அந்தப் பின்டுபி மக்கள் சேர்ந்து உட்கார்ந்து பெரிய பெரிய கான்வாஸ்களில் தங்கள் நிலத்தை வரைந்தார்கள். 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஏலம் விட்டதில் பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2004-இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் ஓடியது! அவர்களே நடத்தும் அந்த நிறுவனத்துக்குப் பர்ப்பிள் ஹவுஸ் என்று பெயர். இன்று பாலைவனத்தில் பல ஊர்களில் அவர்களுடைய மிஷின் இருக்கிறது, ஊர் ஊராகப் போகும் ஊதா நிற லாரியும் உண்டு. 2018-இல் அரசே மெடிகேர் என்ற பொது மருத்துவக் காப்பீட்டில் இதற்கென்று தனிக் கட்டணம் ஒதுக்கியது. நோயாளிகள் செய்து காட்டிய பிறகு அரசு பின்னால் வந்தது.

இப்போது கமி. போன மாதம் அதிகாரிகள் மூன்று பேர் புதிய கேள்விகள் பற்றிக் கருத்துக் கேட்க ஊருக்கே வந்தார்கள், மொழிபெயர்ப்பாளரோடு. நாற்காலி போட்டு, சார்ட் தாள் ஒட்டி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். கமி வீல்சேரிலிருந்து மெதுவாக இறங்கி மரத்தடி மணலில் உட்கார்ந்தார். தன் முன்னால் இருந்த மணலைக் கையால் தட்டினார். அவர்களும் இறங்கி உட்கார்ந்தார்கள். வெகுநேரம் யாரும் பேசவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் கமி சொன்னார்: "எனக்கு உதவி வேணுமா என்று கேட்காதே. என் வீட்டில் யார் களைத்துப் போயிருக்கிறார்கள் என்று கேள். என் பேத்தி ஏன் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேள்."

இருபது வருஷமாக மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்யும் இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி.

வெள்ளிக்கிழமை திருத்திய வரைவு வந்தது. நான்காம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது வசந்தி! கமி அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 'பராமரிப்பாளர்' என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார். "அது யார்? பேத்தி என்று போடு." மூவரில் ஒருவர்தான் வந்திருந்தார், அங்கேயே பேனாவால் அடித்து எழுதிக்கொண்டார். மேலே போனால் நிலைக்குமா தெரியாது, அடுத்த கூட்டம் மார்ச்சில். அதற்குக் கமியும் வருகிறார், நானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்துவிடப் போகிறேன்.

ஒரு உதவி. கடைசி வருஷம் காலேஜ் பட்டறையில் அந்த மீனவர் வீட்டுப் பையனுக்காக அகலச் சக்கரம் போட்டு ஒரு வண்டி செய்தோமே, அளவெல்லாம் எழுதிய நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? பரணில் தேடு. சக்கர அகலமும் அச்சு உயரமும் இருக்கும் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பு, இந்த வாரமே.

அன்புடன்,
உன் கலா