பழைய கிராஃபிக்ஸ் கார்ட்களைக் கழிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய மதர்போர்டில் பழைய கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்தியதும் திரை இருண்டுவிட்டால், மட்டக்களப்புக் கணினிக் கடைகள் சிலவற்றில் “கார்ட் பழுது” என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். ஆனால், கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் முறையாக 2004இல் சந்தைக்கு வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ், தலைமுறைகள் மாறினாலும் பழைய கார்ட்களை ஏற்கும் விதத்திலேயே வடிவமைக்கப்பட்டது. (அதற்கு முந்திய ஏஜிபி என்ற இணைப்பு முறைக்குரிய கார்ட்கள் பொருந்தவே மாட்டா.) 2012க்கு முற்பட்ட கார்ட்கள் பலவற்றில் யூஈஎஃப்ஐ எனும் புதிய கணினித் தொடக்க முறைக்கு வேண்டிய மென்பொருள் இல்லாதிருப்பதும், பழைய தொடக்க முறைக்கு இடமளிக்கும் சிஎஸ்எம் வசதி புதிய போர்ட்களில் அணைக்கப்பட்டோ நீக்கப்பட்டோ வருவதுமே திரை இருள்வதற்குப் பெரும்பாலும் காரணம். போர்டில் சிஎஸ்எம் இருக்குமாயின், நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு அமைப்பை நிறுத்தி, சிஎஸ்எம்மை இயக்கிப் பார்க்கலாம். இல்லையெனில், கார்டைப் பழைய கணினியொன்றில் சோதித்துக் காட்டிய பின்னரே புதியதை விற்குமாறு கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.