சீட்டில் எழுதியதையே கொடுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய மருந்துக்கடை உரிமையாளர்களே, வணக்கம்.

எழுதிய மருந்து இல்லையென்றால் “இதுவும் அதேதாம்மா” என்று வேறொன்றை எடுத்துத் தரும் வழக்கம் நீங்கள் அறியாததல்ல. போன வாரமும் எனக்கு அதுதான் நடந்தது. எரிச்சல் குடல் நோய்க்கு (ஐ.பி.எஸ்.) ஒரு புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் என்று கொடுக்கும் நுண்ணுயிர், எழுதித் தந்தார் மருத்துவர். லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் 299வி என்ற பாக்டீரியா என்று எண்ணோடு எழுதியிருந்தார். வீட்டில் வந்து அட்டையைப் பார்த்தால் சாக்கரோமைசிஸ் பௌலார்டி. அது பாக்டீரியாவே இல்லை, ஈஸ்ட் என்ற பூஞ்சை. மூன்று மாதத்தில் இது மூன்றாவது மாற்றம்.

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். காலையில் எதுவும் சாப்பிடாமல்தான் கிளம்புவேன். அப்படியும் காரிமங்கலம் தாண்டுவதற்குள் வயிறு முறுக்க ஆரம்பித்துவிடும். கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லக் கூச்சம். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் தாங்க முடியாமல் பாதி வழியில் இறங்கினேன். கழிப்பிடம் பூட்டிக் கிடந்தது. முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்காமல் வழிவிட்டார். நெடுஞ்சாலையை இத்தனை அகலமாகப் போடுகிறார்கள், பெண்கள் ஒதுங்க ஓர் இடம் திறந்திருக்கக் கூடாதா? அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

புரோபயாடிக் இந்த நோயைத் தீர்த்துவிடும் என்று நான் நம்பவில்லை. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்கள் சங்கம், ஆய்வுக்கு வெளியே இதைக் கொடுக்க வேண்டாம் என்று 2020-ல் சொன்னது. 2021-ல் வந்த பிரிட்டிஷ் வழிகாட்டுதல், விரும்புகிறவர்கள் 12 வாரம் வரை சாப்பிட்டுப் பார்க்கலாம், குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம் என்கிறது. அந்த 12 வாரத்துக்குள் நீங்கள் மூன்று வகை மாற்றிக் கொடுத்தால், எது கேட்டது, எது கேட்கவில்லை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

பெயருக்குப் பின்னால் வரும் எண் அலங்காரத்துக்கு இல்லை, அந்த நுண்ணுயிரில் எந்த வகை என்று அதுதான் சொல்கிறது. ஒரு வகைக்குக் கிடைத்த பலன் இன்னொன்றுக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. உணவில் சேர்க்கும் புரோபயாடிக்குக்கு 2011-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதலே வகைப் பெயரையும், எந்த வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்பதையும் லேபிளில் போடச் சொல்கிறது. ஆனால் ஒரு கடையில், ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி அச்சிட்ட அட்டையை, சித்திரை வெயில் விழும் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார்கள். கேட்டதற்கு, “வயித்துக் கோளாறுக்கு இவ்வளவு கேள்வியா” என்றார்கள். அந்தப் பேச்சு இன்னும் வலிக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மழையிலும் நடுராத்திரியிலும் கடை திறந்து வைத்திருக்கிறீர்கள், அதை மறக்கவில்லை. தயவுசெய்து சீட்டில் எழுதிய வகையையே கொடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், ஓசூருக்கோ சேலத்துக்கோ போய் வாங்கிக்கொள்கிறேன். மாற்றித்தான் தர வேண்டுமென்றால், அட்டையைக் கையில் தருமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

திங்கட்கிழமை முதல் 12 வாரத்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணப் போகிறேன்.

இப்படிக்கு,
தருமபுரியிலிருந்து ஒரு வாடிக்கையாளர்