இரண்டு ஊருக்கும் ஒரே மணி

அன்புள்ள வானதிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. வாசலில் வைத்த கறிவேப்பிலைச் செடி உன் இடுப்புக்கு மேல் வளர்ந்துவிட்டது.

அந்தச் செடியின் படத்தைத்தான் செவ்வாய்க்கிழமை அதிகாலை 3.40க்கு அனுப்பினேன். காலையில் எழுந்து பார்ப்பாய் என்று நினைத்தேன். அனுப்பிய கையோடு இரண்டு கோடும் நீலமாகிவிட்டன. "அழகாக இருக்கிறது அப்பா" என்று பதிலும் வந்தது. வியாழக்கிழமையும் அப்படியே. மூன்று மாதமாகப் பார்க்கிறேன். நீ இருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் இங்கே சிங்கப்பூரிலும் ஒரே மணி. அங்கே விடிந்திருக்கும் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

நான் விழிப்பது வேறு. முப்பத்தொரு வருடம் நாளின் முதல் பஸ்ஸை ஓட்டியவன். ஓய்வு பெற்ற பிறகும் மூன்றரைக்குக் கண் திறந்துவிடுகிறது. ஆனால் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறேன். நீ இரவு பன்னிரண்டுக்கும் அம்மாவுக்குப் பதில் போட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோது காலை மணி பதினொன்று. உன் பின்னால் திரைச்சீலை இழுத்து மூடியே இருந்தது. அம்மாவும் கவனித்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

வேலை அதிகம் என்பாய். நம் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நீ. உன் பட்டமளிப்புப் படத்தை ஓய்வு பெறும்வரை என் வேலைப் பையில் வைத்திருந்தேன். உன் உழைப்பு எனக்குத் தெரியும். ஆனால் தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. சித்தி மகள் கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ரத்து செய்தாய். உனக்கென்று அம்மா தேக்காக் கடைத்தெருவில் எடுத்த புடவை மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது. குறை சொல்ல எழுத உட்காரவில்லை. தூங்கு, கண்ணு. நேரத்துக்குத் தூங்கு.

போன மாதம் இரத்த அழுத்தம் பார்க்கப் பலதுறை மருந்தகம் போனபோது, எனக்குத் தெரிந்த ஒருவருக்கு என்று சொல்லி டாக்டரிடம் கேட்டேன். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தூக்கம் கெடுவது மனச்சோர்வின் அடையாளம் என்று மட்டும்தான் முன்பு நினைத்தார்களாம். மனம் சோர்ந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டாலும் மனம் சோரும் என்று இப்போது தெரிந்திருக்கிறது என்றார். மனச்சோர்வே இல்லாதவருக்குக்கூடத் தூக்கமின்மை நீடித்தால், அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காம். சிலர் விடியும் முன்பே விழித்து, அதன்பின் கண்ணை மூட முடியாமல் கிடப்பார்கள். காலைப்பொழுதுதான் அவர்களுக்கு மிகவும் கனமாக இருக்கும். சிலர் பத்து, பன்னிரண்டு மணி நேரம் தூங்கியும் களைப்புத் தீராமல் எழுவார்கள். ஒரு தாளையும் காட்டினார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். மூன்றாவது கேள்வி தூக்கம்.

"அந்த ஒருவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண் என்று சொல்லிவிட்டேன். வரும் வழியெல்லாம் அந்தப் பொய் நெஞ்சை அறுத்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இரவு எப்படிப் போனாலும் தினமும் ஒரே நேரத்தில் எழு. இருபது நிமிடமாகத் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையில் புரளாதே. எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது போய்ப் படு. எழுந்தவுடன் திரைச்சீலையைத் திற. உடம்பின் கடிகாரத்தைத் திருத்துவது காலை வெளிச்சம்தான். இங்கே வருடம் முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன். உன் ஊரில் டிசம்பரில் ஐந்துக்கே வந்துவிடுகிறானே, அவனை உள்ளே விடு. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இப்படிப் பழக்கத்தையும் எண்ணத்தையும் சீராக்கும் சிகிச்சையைத்தான் முதலில் கொடுக்கிறார்களாம். நீயாகச் செய்து பார்த்துக்கொண்டே இருந்துவிடாதே. டாக்டரைப் பார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம்.

நீ தொடக்கநிலை ஆறில் பிஎஸ்எல்இ தேர்வு எழுதிய வருடம், தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, "ஏன் அப்பா விளக்குப் போடவில்லை?" என்று கேட்டாய். நினைவிருக்கிறதா? கொசு வரும் என்றேன். தினமும் ஒன்றரை மணிக்கு விழித்துக்கொண்டிருந்தேன். நீ பார்த்துவிட்ட பிறகு வீட்டில் உட்கார பயம். சீருடையை மாட்டிக்கொண்டு, நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில் நான்கு மணிவரை உட்கார்ந்திருப்பேன். எல்லோரும் வேலைக்குப் போகிறேன் என்றே நினைத்தீர்கள். சோறு இறங்கவில்லை. எதிலும் பிடிப்பில்லை. ஒரு நாள் சிவப்பு விளக்கைத் தாண்டிய பிறகுதான் அது சிவப்பு என்று உறைத்தது. பின்னால் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தச் சந்திப்பைக் கடக்கும்போதெல்லாம் இன்றும் கை வியர்க்கிறது.

டாக்டரைப் பாருங்கள் என்று அம்மா அழுதாள். "என்னை உட்பிரிட்ஜுக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று கத்தினேன். அந்த மனநல மருத்துவமனையின் பெயர் 1993இலேயே மனநலக் கழகம் என்று மாறிவிட்டது. என் வாயில் பழைய பெயர்தான் இருந்தது, பழைய பயத்தோடு.

ஐந்தாறு மாதத்தில் தானாக லேசானது. அதை என் மனவுறுதி என்று பிறகு பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். "மனதை இறுக்கிப் பிடித்தால் எல்லாம் சரியாகும்" என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அது பொய், வானதி. நான் எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. ஒளிந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். உனக்கும் அதையே கற்றுக்கொடுத்துவிட்டேனோ என்றுதான் இப்போது விழித்திருக்கிறேன்.

டாக்டரிடம் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான் வருகிறேன். ஐந்து மணி நேரப் பயணம்தானே. உள்ளே வரமாட்டேன், வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எதையும் கேட்கமாட்டேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதை நீயே முடிவு செய்.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டேன். இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா