ஆறாம் படுக்கையின் டிரிப்

அன்பு மகளுக்கு,

செவிலியர்களுக்கான தலைமைப் பயிற்சி வகுப்பில் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து, மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து, ‘நீங்கள் ஜனநாயக வகைத் தலைவி’ என்று சொல்லி அனுப்பினார்கள் என்றாய். “நான் அப்படித்தானா அம்மா?” என்று நீ தொலைபேசியில் கேட்டபோது சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை. சொல்லப் புகுந்தால் என் குற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டியிருந்தது, அதனால்தான்.

அந்த வகைகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1939-இல் உளவியலாளர் குர்ட் லெவினும் அவருடைய சகாக்கள் இருவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து. முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைப் பத்து வயதுப் பையன்களுக்குக் கொடுத்து, அவர்களை அதட்டி வேலை வாங்கும் தலைவர், கலந்து பேசும் ஜனநாயகத் தலைவர், கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் தலைவர் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். முகமூடி செய்த சிறுவர்களிடம் கண்டதை முப்பது படுக்கை வார்டுக்கு அப்படியே பொருத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனாலும் அதில் ஒரு செய்தி என்னைக் குத்தியது. அதட்டியவர் அறையைவிட்டு வெளியேறியதும் அந்தக் குழுவில் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசியவரின் குழு அவர் இல்லாதபோதும் வேலையைத் தொடர்ந்தது. அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் இதைத்தான் வலியுறுத்தினார்: நீ இருக்கும்போது செய்வது, நீ இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யத் தெரிய வேண்டும்.

எனக்கு அது தெரியவில்லை. நான் பொறுப்பேற்ற புதிதில் என் வார்டு கண்ணாடி போல் இருக்கும். கேஸ் ஷீட்டில் ஒரு கையெழுத்து விடுபடாது. அதையே என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலைப் பணிக்குப் போனபோது ஆறாம் படுக்கை நோயாளியின் குறிப்பில் ஏதோ இடறியது. பொட்டாசியம் கலந்த டிரிப், எட்டு மணி நேரம் ஓட வேண்டியது, மூன்று மணி நேரத்தில் தீர்ந்திருந்தது. பொட்டாசியம் வேகமாக ஏறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடனே ஈசிஜி எடுத்து, ரத்தம் அனுப்பி, மருத்துவரை அழைத்தோம். நல்ல வேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரவுப் பணியில் இருந்த இளம் செவிலியர் அதை நள்ளிரவிலேயே பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் விடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். “உங்கள் காதுக்குப் போய்விடுமே என்று பயந்துவிட்டேன், சிஸ்டர்” என்றாள்.

அந்தக் கேள்வித்தாளில் இதற்கு ஒரு கேள்வி இருந்ததா? உன் கீழே இருப்பவர்கள் தங்கள் தவறை எத்தனை நிமிடத்தில் உன்னிடம் சொல்கிறார்கள் என்று ஒரு மாதம் கவனி. உன் பாணி என்ன என்று அதில் தெரிந்துவிடும்.

இதைப் படித்துவிட்டு எல்லோரிடமும் சிரித்துப் பேசக் கிளம்பிவிடாதே. இதயம் நின்றுபோன நோயாளியைச் சுற்றி நின்று யாரும் கருத்துக் கேட்பதில்லை. அங்கே உன் குரல் ஒன்றுதான் கேட்க வேண்டும். மார்பில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். ‘யாராவது அட்ரினலின் எடுங்கள்’ என்றால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள், அல்லது மூன்று பேர் ஓடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடு. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். எல்லாம் முடிந்த பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசும்போது மட்டும் நீ கடைசியாகப் பேசு. அதட்டலும் கலந்து பேசுவதும் ஒரே இரவில் ஒரே ஆளிடம் இருக்க வேண்டியவை. பணிப்பட்டியல் போடுவது வேறு கதை. அதை நீ தனியாகப் போட்டால் எவ்வளவு நியாயமாகப் போட்டாலும் முணுமுணுப்புதான்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போதும் மருந்து கொடுப்பது போலவே ஐந்து ‘சரி’கள் உண்டு: சரியான வேலை, சரியான சூழல், சரியான ஆள், சரியான விளக்கம், சரியான மேற்பார்வை. எல்லோரும் கோட்டைவிடுவது கடைசியில்தான். கொடுத்ததோடு மறந்துவிடுவார்கள். நான் நேர்மாறு, கொடுத்துவிட்டுத் தோளுக்குப் பின்னாலேயே நிற்பேன். பத்து வருட அனுபவம் உள்ளவருக்கு அது அவமானம், நேற்று வந்தவளுக்கு நடுக்கம். புதியவளிடம் ‘அரை மணி நேரம் கழித்து வந்து பார்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, சொன்னபடி போய்ப் பார்த்தாலே போதும் என்று வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

விடுமுறை நாளிலும் வார்டுக்கு மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கிறாயாமே. அது அக்கறை என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த விடுமுறையில் கூப்பிடாமல் இருந்து பார், மறுநாள் போய் என்னென்ன நடந்திருக்கிறது என்று குறித்துக்கொள்.

ஒன்று கேட்க வேண்டும். பத்தாம் வகுப்பில் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டு மூன்று வாரம் முன் பெஞ்சில் உட்கார்ந்து சமாளித்தாயே, ஏன் என்னிடம் சொல்லவில்லை? அம்மா மனம் நோகும் என்று பூசி மெழுகாமல் எழுது.

அம்மா