ஞாயிறு தூண்டில் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறன்று கோதையாற்றில் தூண்டில் போடச் செல்கிறோம். ஆனால் அந்த ஆற்றிலுள்ள திற்பரப்பு அருவியில் குளிக்க வருவோரின் கூட்டம் காலையிலேயே தொடங்கிவிடுவதாலும், வெறுங்காலுடன் பாறையில் நடக்கும் குழந்தைகளுக்கு அறுந்து கிடக்கும் தூண்டில் நரம்பும் தூண்டில் முள்ளும் பெரும் ஆபத்து என்பதாலும், குளிக்கும் துறைகளில் எவரும் தூண்டிலை வெளியே எடுக்க வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத கீழ்ப்பகுதியில் விடியும் முன்பே அமர்ந்துவிடுவோம். கெளுத்தி அடிமட்டத்தில்தான் இரை தேடும் என்பதால் மண்புழுவுடன், அதை அடியில் இறக்க ஈயக்குண்டும் அவசியம். கெண்டைக்குப் பிசைந்த மாவே போதும் (சென்ற முறை அதில் பாதியை நாமே சிந்தினோம்). பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டால் ஆறு சட்டென்று பெருகும். அந்த அறிவிப்பு வந்தால் பயணம் ரத்து. குஞ்சு மீன்கள் சிக்கினால் ஆற்றிலேயே விட்டுவிடவும்.