பாங்காக் பயணம்: ஜெம்ஸ் கேலரி ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பாங்காக் குழுப் பயணத்தின் திட்டத்தை அனுப்பியதிலிருந்து இரண்டு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "மற்ற பயண நிறுவனங்களைவிட உங்கள் பேக்கேஜ் கட்டணம் ஏன் கூடுதல்?" என்பது ஒன்று. "அவர்கள் ஜெம்ஸ் கேலரி என்னும் ரத்தினக் கடைக்குக் கூட்டிப் போகிறார்களே, நீங்கள் ஏன் போவதில்லை?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒன்றே என்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

மிக மலிவான பேக்கேஜ்கள் பல, கடைகள் கொடுக்கும் கமிஷனில்தான் ஓடுகின்றன. பஸ் ரத்தினக் கடை வாசலில் நிற்கும், பிறகு தோல் பொருள் கடை வாசலில் நிற்கும். நீங்கள் வாங்கினால் கைடுக்குப் பங்கு உண்டு. வாங்காவிட்டால் அவர் முகமே மாறிவிடும். இப்படி நடத்தப்பட்ட பயணங்கள் மீது தாய்லாந்து அரசே 2016இல் பெரிய அளவில் நடவடிக்கை எடுத்தது. நாங்கள் கமிஷன் வாங்குவதில்லை. கைடுக்கான கூலியை நேராகக் கொடுத்துவிடுகிறோம். உங்கள் கட்டணத்தில் கூடுதலாகத் தெரிவது அதுதான். கடைகளுக்குப் போகாததால் மிச்சமாகும் அரை நாளைப் பழைய நகரத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

முதல் நாள் காலை பஸ் கிடையாது. சாத்தோன் படகுத் துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறி, சாவ் பிரயா ஆற்று வழியாகத் தா சாங் துறையில் இறங்குகிறோம். சாலை நெரிசலில் சிக்க வேண்டியதில்லை. ஆபீஸ் போகிற ஊர்க்காரர்களோடு நின்றுகொண்டே போகலாம். அங்கே முதலில் பார்ப்பது மன்னர்களின் பெரிய அரண்மனை (கிராண்ட் பேலஸ்). அது காலை 8.30க்குத் திறக்கிறது, வெயில் ஏறுவதற்குள் உள்ளே போய்விட வேண்டும். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை போட்டிருந்தால் விடமாட்டார்கள். வேட்டி, சேலை, சுடிதார் எல்லாம் தாராளமாகச் செல்லும். வாசலுக்கு அருகில் யாராவது நயமாக வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு நல்ல இடம் காட்டுகிறேன்" என்று டுக்டுக்கில் (அவர்கள் ஊர் ஆட்டோ) ஏற்றப் பார்த்தால் நம்பாதீர்கள். பல வருடமாக நடக்கும் ஏமாற்று அது. அந்த டுக்டுக் போய் நிற்கும் இடமும் ரத்தினக் கடைதான்!

உள்ளே இருக்கும் மரகத புத்தர் சிலை 66 சென்டிமீட்டர் உயரம்தான், அதுவும் உச்சியில் இருப்பார். "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஆனால் வெயில், மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒன்றாக மூன்று உடை அவருக்கு உண்டு. மாற்றுவது மன்னரின் கடமை. எங்களைக் கேட்டால், அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் சுற்றுப் பிராகாரம். ராமகியன் என்னும் அவர்களுடைய ராமாயணம் 178 காட்சிகளாகச் சுவர் முழுக்க ஓடுகிறது. அங்கே அனுமன் பிரம்மச்சாரி இல்லை. சேது கட்டவிடாமல் கல்லை எடுத்துப் போட வந்த ராவணனின் மகள், மீன் உடம்புக்காரி சுவன்னமச்சாவையே காதலித்து வழிக்குக் கொண்டுவருகிறான். பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அது அவர்கள் ஊர் அனுமன்.

பிறகு வாட் போ என்னும் புத்தர் கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்துவிட்டு, படகில் அக்கரைக்குப் போய் வாட் அருண் கோயில். அதன் படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே உட்கார்ந்துகொள்ளலாம்.

இரண்டாம் நாள் போகும் தேவசாதன் கோயில் எந்த மலிவு பேக்கேஜிலும் வராது. தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா காலத்தில், 1784இல் கட்டியது. வெள்ளைச் சுவர், மூன்று சந்நிதி: சிவன், பிள்ளையார், பெருமாள். தாய்லாந்து அரச குடும்பத்துச் சடங்குகளைச் செய்யும் பிராமணர்களின் கோயில் இது. மார்கழி, தை வாக்கில் நடக்கும் திரியம்பாவாய் விழாவில் நம் திருவெம்பாவையின் வரிகளைத்தான் அவர்கள் ஓதுகிறார்கள். பல தலைமுறை வாய்வழி வந்ததில் உச்சரிப்பு உருமாறி, நாம் காது கொடுத்துக் கேட்டாலும் எளிதில் பிடிபடாது. அருகிலேயே சிவப்பு வண்ணத்தில் மிகப் பெரிய ஊஞ்சல் சட்டம் நிற்கிறது. இதே விழாவில் அதில் ஆடி, கம்பத்தில் தொங்கும் காசுப் பையை வாயால் கவ்வுவார்கள். விழுந்து செத்தவர்களும் உண்டு. 1935இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போதிருக்கும் தேக்குச் சட்டம் 2007இல் புதிதாக நட்டது.

அன்று மாலை சீலோம் சாலை மாரியம்மன் கோயில். அந்த ஊரில் குடியேறிய தமிழர்கள் 1879இல் எழுப்பியது. இன்று வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்களும் சீனர்களும்தான். தட்டில் தேங்காய், பழம், சாமந்தி மாலை எல்லாம் நம் முறைதான். உள்ளே போட்டோ எடுக்கக்கூடாது. நம் குழுவில் யாரும் திருட்டுத்தனமாக எடுத்து எங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

சைவக்காரர்களுக்கு: பார்க்கக் காய்கறிப் பொரியலாக இருந்தாலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். மஞ்சள் பலகையில் சிவப்பாக, நம் கண்ணுக்கு 17 போலத் தெரியும் எழுத்து இருந்தால் அந்தக் கடையில் முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. பயமின்றிச் சாப்பிடலாம். இட்லி கிடைக்காத வேளைகளும் வரும், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது, பொருளைக் கையில் நேராகக் கொடுக்கவும் கூடாது. புத்தர் சிலை முன் காலை நீட்டி உட்காரக்கூடாது. காலை 8க்கும் மாலை 6க்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலித்தால் நின்றுவிடுங்கள். மன்னர் குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூடப் பேச வேண்டாம், சிறைத்தண்டனை வரை போகும். புத்தர் சிலைகளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுவர அனுமதிச் சீட்டு தேவை.

மூன்றாம் நாள் பிற்பகல் முழுக்க உங்களுடையது. ரத்தினம் வாங்க ஆசைப்படுபவர்கள் அப்போது போய் வாங்கலாம். "ஊருக்குப் போய் இரண்டு மடங்குக்கு விற்கலாம்" என்று யாராவது சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

2025 மே முதல் தாய்லாந்து வருகைப் படிவத்தை இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்புவது கட்டாயம். அதற்குக் கட்டணம் இல்லை; பணம் கேட்கும் தளங்களில் நிரப்பாதீர்கள். அலுவலகத்துக்கு வந்தால் நாங்களே நிரப்பித் தருகிறோம். வரும்போது பாஸ்போர்ட்டோடு, சைவமா அசைவமா, படி ஏற முடியுமா, எந்த மருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அறைப் பட்டியலையும் சாப்பாட்டுப் பட்டியலையும் அதைப் பார்த்துத்தான் போடப்போகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்