மொட்டு எங்கே இருக்கிறது என்று பார்

அன்புள்ள கயல்,

உங்கள் வளாகத்தில் மரத்துக்கு மரம் தகடு இருக்கிறது, பெயருக்குக் கீழே ஒரு எண்ணும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "மரத்துக்கு எதுக்குப்பா ரோல் நம்பர்?" என்று கேட்டாயே, போனை வைத்த பிறகும் அதே நினைப்புதான் எனக்கு.

அது ரோல் நம்பர் மாதிரியேதான். அந்த எண்ணை வைத்துப் பதிவேட்டைப் புரட்டினால் விதை எங்கிருந்து வந்தது, எந்த வருஷம் வந்தது என்றெல்லாம் தெரியும். பதிவேடு இல்லாவிட்டால் அது வெறும் தோப்பு. தோப்பும் நல்லதுதான், குறை சொல்லவில்லை.

இத்தாலியில் பதுவா பல்கலைக்கழகம் 1545-இல் மூலிகைத் தோட்டம் போட்டதே, மருத்துவ மாணவர்கள் ஒரு செடியை இன்னொன்று என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். மரங்களுக்கென்றே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அர்னால்ட் தோட்டம் 1872-இல் வந்தது. அந்தத் தோட்டம் செய்ததில் எனக்குப் பிடித்தது மெட்டாசெகோயா விஷயம். 1941-இல் ஷிகெரு மிகி என்ற ஜப்பானியர் புதைபடிவத்தை வைத்துப் பெயர் சூட்டிய மரம் அது. சில வருஷங்களிலேயே சீனாவில் அது உயிரோடு நிற்பது தெரிந்தது! 1948 தொடக்கத்தில் அர்னால்டுக்கு விதைகள் வந்தன. தங்களிடமே பூட்டி வைத்துக்கொள்ளாமல் பல நாட்டுத் தோட்டங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பினார்கள். உங்கள் வளாகத்திலும் இருக்கலாம், தேடிப் பார். ஊசியிலை மரம்தான், ஆனால் குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிடும். பட்டுப்போச்சு என்று நினைத்துவிடாதே.

சரி, என் கதைக்கு வருகிறேன். காலேஜ் செய்முறைத் தேர்வில் ஒரு கிளையைக் கையில் கொடுத்து, இலையை வரையச் சொன்னார்கள். நரம்பு நரம்பாக அழகாக வரைந்தேன். முட்டை மார்க். நான் வரைந்தது இலையே இல்லை, பல துண்டுகளாகப் பிரிந்திருக்கும் ஒரே இலையின், அதாவது கூட்டிலையின், ஒரு துண்டு. அதைச் சிற்றிலை என்பார்கள். தகட்டுப் பெயர்களை நெட்டுருப் போட்டேனே தவிர, ஒரு கிளையையும் திருப்பிப் பார்த்ததில்லை.

காம்பு கிளையோடு சேரும் மூலையைப் பார். கடுகளவில் ஒரு மொட்டு இருக்கும். அங்கிருந்து தொடங்குவது மொத்தமும் ஒரே இலை, அதில் இருபது துண்டு இருந்தாலும் சரி. சிற்றிலையின் அடியில் எவ்வளவு தேடினாலும் மொட்டு கிடைக்காது. பிளேன் (plane) என்று ஒரு மரம் இருக்கிறது, அது மட்டும் கொஞ்சம் கள்ளத்தனம் செய்யும்: காம்பின் அடியே குல்லா மாதிரி மொட்டை மூடியிருக்கும், இலை விழுந்தால்தான் வெளியே தெரியும்.

அதனால் முதலில் மரத்தைப் பார், அப்புறம் தகட்டைப் படி. போனில் படம் எடுத்தால் பெயர் வந்துவிடும் என்பாய். வரும். என் மார்க்கும் அப்படித்தான் போனது.

ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு தடவை போய்ப் பார். அதன் உதிர்ந்த இலை ஒன்றைப் பேப்பரில் வைத்து அழுத்தி எடுத்துவை, வரும்போது கொண்டு வா. கிளையிலிருந்து பறிக்காதே, தோட்டக்காரர் திட்டுவார். பெயரை என்னிடம் சொல்லாதே, நானே கண்டுபிடிக்கிறேன். ஆனால் உதிர்ந்த இலையோடு மொட்டு வராது, அது கிளையிலேயே நின்றுவிடும். அதை மட்டும் பென்சிலால் வரைந்து கொண்டு வா.

அன்புடன்,
அப்பா